நம் வீட்டுத் தண்ணீர் எந்த ஆற்றுக்குப் போகிறது? பெங்களூரு ஆற்று நடைக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

அல்சூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சிலர் சேர்ந்து மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்று நடை போகிறோம். ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை அருகே ஆரம்பித்து, தண்ணீர் போகும் வழியிலேயே நாமும் போவது, அவ்வளவுதான். ஒரு மாதம் பெள்ளந்தூர், ஒரு மாதம் வர்த்தூர், ஆண்டுக்கு ஒருமுறை ஓசூர் தாண்டி கெலவரப்பள்ளி அணை. புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால் என்ன?

ஓட்டு வீட்டின் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் ஒரு முகடு. முகட்டுக்கு இந்தப் பக்கம் விழும் மழை முன்வாசலுக்கு, அந்தப் பக்கம் விழுவது கொல்லைக்கு. ஒரு ஆற்றுக்குத் தண்ணீர் தரும் நிலம் முழுவதும் இப்படி ஒரு கூரைச் சரிவுதான். அந்தச் சரிவில் இருக்கும் வயல், காடு, தெரு, உங்கள் மாடி எல்லாமே அதில் சேர்த்தி. ஆற்றைக் காப்பாற்றுவது என்றால் கரையில் குப்பை பொறுக்குவது மட்டும் இல்லை, சரிவு முழுவதையும் கவனிக்க வேண்டும்.

பெங்களூரு அப்படி ஒரு முகட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உயரம், பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. அதனால்தான் பழைய ஆட்கள் பள்ளத்தாக்கு முழுவதும் ஏரி மேல் ஏரியாக வெட்டி வைத்தார்கள்.

எங்கள் வீடு எந்தச் சரிவில் இருக்கிறது?

கிழக்கே இருந்தால் தென்பெண்ணை. அல்சூர், இந்திராநகர், கோரமங்களா, ஒயிட்ஃபீல்டு எல்லாம் அந்தக் கணக்கு. அல்சூர் ஏரியிலிருந்து வழியும் தண்ணீர் செல்லகட்டா பள்ளத்தாக்கு வழியாகப் பெள்ளந்தூர் ஏரிக்கும், அங்கிருந்து வர்த்தூருக்கும், அதைத் தாண்டித் தட்சிண பினாகினிக்கும் போகிறது. தட்சிண பினாகினி என்பது வேறு எதுவும் இல்லை, நம் தென்பெண்ணைதான். ஓசூர் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து கடலூர் அருகே கடலில் சேர்கிறது. ஹெப்பால் பள்ளத்தாக்குத் தண்ணீரும் வேறு ஏரிகள் வழியாக இதே ஆற்றுக்குத்தான் வருகிறது.

மேற்கே மெஜஸ்டிக், ராஜாஜிநகர், விஜயநகர், பசவனகுடி, கெங்கேரி என்றால் விருஷபாவதி. அது கனகபுரா பக்கம் ஆர்காவதியில் கலக்கிறது. ஆர்காவதி சங்கமம் என்ற இடத்தில் காவிரியில் கலக்கிறது. காவிரி எங்கே போகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதாவது நீங்கள் முகட்டின் எந்தப் பக்கம் குடியிருந்தாலும், துணி துவைத்து ஊற்றிய தண்ணீர் கடைசியில் தமிழ்நாட்டுக்குத்தான் போகிறது. நாங்கள் இந்த நடையை ஆரம்பித்ததே இந்த ஒரு விஷயம் தெரிந்த பிறகுதான்.

குடிப்பது காவிரித் தண்ணீர். அப்புறம் ஏன் தென்பெண்ணையைப் பற்றிக் கவலை?

நல்ல கேள்வி. காவிரித் தண்ணீர் 1974-ல் பெங்களூருக்கு வந்தது. சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு மோட்டார் வைத்து ஏற்றுகிறார்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டத் திட்டம் மட்டும் நாளுக்கு 77.5 கோடி லிட்டர் தருவதற்காகக் கட்டியது. இவ்வளவு பாடுபட்டு மேலே கொண்டுவந்ததை ஒருமுறை குளித்து, ஒருமுறை துவைத்து, கீழே விட்டுவிடுகிறோம். கிழக்கே குடியிருப்பவர்கள் விடும் தண்ணீர் காவிரிக்குத் திரும்பிப் போவதில்லை. அது தென்பெண்ணைக்கு வந்துவிடுகிறது. தென்பெண்ணை மழைக்காலத்தில் மட்டும் பெருகி வரும் ஆறு. கோடையிலும் அதில் தண்ணீர் ஓடுகிறது என்றால், அதில் பெரும்பகுதி நம் வீட்டுக் கழிவுநீர்.

கோலாருக்கும் ஒரு பங்கு போகிறது. 2018 முதல் கோரமங்களா-செல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்து, குழாய் வழியாகக் கோலார் மாவட்ட ஏரிகளில் விடுகிறார்கள். வறண்டு கிடந்த ஏரிகள் நிரம்பின, போர்வெல்களில் நீர்மட்டம் ஏறியது. ஆனால் சுத்திகரிப்பு இரண்டாம் நிலையோடு நிற்கிறது, மிச்ச அழுக்கையும் நீக்கும் மூன்றாம் நிலையும் வேண்டும் என்று அந்த ஊர் விவசாயிகள் போராடுகிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்றே நினைக்கிறேன். நிலத்தடிக்குள் இறங்கும் தண்ணீரைப் பிறகு யாரும் வடிகட்டி எடுக்க முடியாது.

ஏரியில் ஏன் நுரை வருகிறது? தீப்பிடித்தது உண்மையா?

உண்மைதான். பெள்ளந்தூர் ஏரி 2015, 2017, 2018 ஆண்டுகளில் எரிந்தது. கரையில் குவிந்த குப்பையும், காய்ந்த செடிகொடியும், சாக்கடைச் சேற்றிலிருந்து கிளம்பும் வாயுவும் சேர்ந்தால் ஏரியும் எரியும்.

நுரைக்குக் காரணம் சோப்புத்தூள். துணி துவைக்கும் பொடியில் உள்ள நுரைக்கும் வேதிப்பொருள் சுத்திகரிக்காத கழிவுநீரோடு ஏரிக்கு வருகிறது, கொஞ்சம் சேற்றில் படிகிறது. மழை பெய்து தண்ணீர் வேகமாகக் கலங்கலில், அதாவது ஏரி நிரம்பி வழியும் இடத்தில், விழும்போது, மோர் கடைகிற மாதிரி கடையப்பட்டுப் பொங்குகிறது. அதனால்தான் முதல் மழைக்குப் பிறகு நுரை அதிகம். இதே நுரை கெலவரப்பள்ளி மதகிலும் பொங்குவதைத் தமிழ்ச் செய்தித்தாள்களில் படத்தோடு பார்த்திருப்பீர்கள்.

என் சித்தப்பாவுக்கு ஓசூர் பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிறது. கால்வாயில் நுரையோடு தண்ணீர் வரும் நாட்களில் வரப்பில் வெறும் காலோடு இறங்க மாட்டார், அரிப்பு எடுக்கும் என்பார். "உங்க ஊர் துணியெல்லாம் வெளுப்பா இருக்கும்மா, எங்க காலைப் பாரு" என்று ஒருமுறை சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சோப்புத்தூளைக் குறைத்துப் போடுங்கள், நல்லது. ஆனால் அது மட்டும் போதாது. சாக்கடைத் தண்ணீர் முழுவதும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுகளுக்குப் பிறகு பெள்ளந்தூரிலும் வர்த்தூரிலும் தூர்வாரினார்கள். தூர்வாரிய ஏரியில் மறுபடியும் சாக்கடை விட்டால் பயன் என்ன? உங்கள் தெருவில் சாக்கடைக் குழாய் ராஜகாலுவேயில், அதாவது பெரிய மழைநீர்க் கால்வாயில், நேராகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படம் எடுத்து வார்டு அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள். பத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்ட மனுவுக்குத் தனி மனுவைவிட மதிப்பு அதிகம், இது நாங்கள் அனுபவத்தில் கண்டது.

தமிழர்களுக்கும் இந்த ஊர் ஏரிகளுக்கும் என்ன சம்பந்தம்?

பழைய சம்பந்தம். டோம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன, 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவையும் அவற்றில் உண்டு. ஊரைத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் அழைக்கின்றன. கோயிலுக்கு விட்ட நிலத்தைச் சொல்லும்போது, விண்ணமங்கலம் ஏரியின் கீழுள்ள நன்செய் புன்செய் என்று அடையாளம் சொல்கிறார்கள். அந்த விண்ணமங்கலம்தான் இன்று இந்திராநகரில் இருக்கும் பின்னமங்களா. பெயர் இருக்கிறது, ஏரி இல்லை. எங்கள் நடையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்தக் கோயில் வாசல். எழுநூறு ஆண்டுக்கு முன்னால் ஒருவர் தன் நிலம் எங்கே என்று சொல்ல ஏரியைக் காட்டியிருக்கிறார். இப்போது நாம் மெட்ரோ நிலையத்தைக் காட்டுகிறோம்.

கன்னடம் சரியாகத் தெரியாது. இந்த வேலையில் சேர முடியுமா?

தாராளமாக. ஏரிப் பேச்சில் பாதி வார்த்தை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தூபு என்றால் நம் தூம்பு. காலுவே, கால்வாய். ஹள்ளா, பள்ளம்: ஹள்ளியும் பள்ளியும் போல 'ஹ' வரும் இடத்தில் 'ப' போட்டுப் பாருங்கள். அல்சூரும் அப்படித்தான், கன்னடத்தில் ஹலசூரு, ஹலசு என்றால் பலா. மதகு திறந்து வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் ஆள் அவர்களுக்கு நீருகண்டி, நமக்கு நீர்க்கட்டி. கலங்கலுக்கு மட்டும் கோடி என்பார்கள், அதுவும் நம் பக்கம் சில ஊர்களில் உண்டு.

அப்புறம் ஒன்று. ஏரிக் குழுக்களில் பெரும்பாலும் கன்னடத்துக்காரர்கள்தான் முன்னே நின்று உழைக்கிறார்கள். போய் உட்கார்ந்து, தெரிந்த கன்னடத்தில் பேசுங்கள். தப்பும் தவறுமாகப் பேசினாலும் யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. ஒரே ஆற்றுக்கு மேலேயும் கீழேயும் இருப்பவர்கள் நாம்.

மக்கள் முயற்சியால் திரும்பி வந்த ஏரி ஏதாவது உண்டா?

உண்டு. ஜே.பி. நகர் ஏழாம் பகுதியில் புட்டேனஹள்ளி ஏரி சுமார் 13 ஏக்கர்தான். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் 2010-ல் ஓர் அறக்கட்டளை அமைத்து, மறு ஆண்டு மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு, தாங்களே பராமரித்தார்கள். பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பு சுத்திகரித்த தண்ணீரை ஏரிக்குக் கொடுத்தது. வெயில்காலத்திலும் ஏரியில் தண்ணீர் நின்றது, பறவைகள் வந்தன.

ஜக்கூர் ஏரி இன்னும் பெரியது, 150 ஏக்கருக்கு மேல். அங்கே ஏற்பாடு அழகு. மேலே ஒரு சுத்திகரிப்பு நிலையம், நாளுக்கு ஒரு கோடி லிட்டர் என்ற அளவில் கட்டியது. அதிலிருந்து வெளிவரும் தண்ணீர் நேராக ஏரிக்குப் போகாது. நாணலும் கோரையும் வளர்ந்த ஒரு சதுப்புத் திட்டு வழியாக மெதுவாகப் போகும். மிச்ச அழுக்கை வேர்கள் உறிஞ்சிக்கொள்ளும். ஏரியில் மீன் பிடிக்கிறார்கள், கரையில் மாட்டுக்குப் புல் அறுக்கிறார்கள், சுற்று வட்டாரக் கிணறுகளில் தண்ணீர் ஊறுகிறது. ஏரியால் பிழைப்பவர்கள் அங்கே கண்முன்னே இருக்கிறார்கள், தண்ணீர் கெட்டால் முதலில் சத்தம் போடுவது அவர்கள்தான். நடைபாதையும் பெஞ்சும் மட்டும் போட்ட ஏரிக்கு அந்தக் காவல் கிடையாது. ஏரி அழகுபடுத்தும் திட்டம் என்று உங்கள் பகுதியில் யாராவது வந்தால், மீன்காரருக்கும் மாடு வைத்திருப்பவருக்கும் அதில் இடம் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

ஆர்காவதி வற்றியதற்கு மழை குறைந்ததுதானே காரணம்?

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆர்காவதி நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. பெங்களூருக்கு முதலில் குழாய்த் தண்ணீர் கொடுத்ததே இந்த ஆறுதான்: 1894-ல் ஹெசரகட்டா, 1933-ல் திப்பகொண்டனஹள்ளி அணை. பிறகு வரத்து குறைந்து குறைந்து அணை ஊருக்குப் பயன்படாமலே போனது. ஏட்ரீ என்ற பெங்களூரு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். மழை குறைந்ததற்கு ஆதாரம் இல்லை. போர்வெல் போட்டு நிலத்தடி நீரை இறைத்ததும், நீலகிரி மரம் என்று இங்கே சொல்லும் யூகலிப்டஸ் தோப்புகள் பெருகியதும்தான் பெரிய காரணங்கள் என்பது அவர்கள் கண்டது. நிலத்தடி மட்டம் இறங்கியதால் ஓடைக்கு ஊற்று இல்லாமல் போயிற்று. 2017-ல் கர்நாடக அரசு புதிதாக யூகலிப்டஸ் நடுவதைத் தடை செய்தது.

திப்பகொண்டனஹள்ளியில் ஆர்காவதியோடு சேரும் குமுத்வதி நதியில் 2013 முதல் வாழும் கலை அமைப்பின் தொண்டர்கள் கிராமத்தாரோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். கர்நாடகத்துச் சிவகங்கை மலைச் சரிவு ஓடைகளில் கல்லடுக்கித் தடுப்பு, ஊர்களில் நீர் செறிவூட்டும் கிணறு, பழைய கல்யாணிகளை, அதாவது படிக்கட்டுக் குளங்களை, தூர்வாருவது. ஆற்றுக்குத் தண்ணீர் வர வேண்டுமென்றால் வேலை மலைச்சரிவில் ஆரம்பிக்க வேண்டும், ஆற்றங்கரையில் இல்லை.

மரம் நட வருகிறோம், எங்கே நடலாம்?

தயவுசெய்து முதலில் கேளுங்கள். ஹெசரகட்டாவில் புல்வெளி இருக்கிறது, 5,000 ஏக்கருக்கு மேல். வெறும் தரிசு என்று நினைத்து மரம் நடக் கிளம்புகிறவர்கள் உண்டு. அது தரிசு இல்லை. புல்லின் வேர் மழையைப் பிடித்து உள்ளே இறக்குகிறது, குளிர்காலத்தில் தொலைதூரத்திலிருந்து பூனைப்பருந்துகள் வந்து தங்குகின்றன. இயற்கை ஆர்வலர்கள் பல ஆண்டு போராடிய பிறகுதான் அதைப் பாதுகாப்புக் காப்பகமாக்க ஒப்புதல் கிடைத்தது. அங்கே குழி தோண்டினால் கெடுதல்தான்.

வாடகை வீட்டில் இருக்கிறேன். மழைநீர்ச் சேமிப்பு எல்லாம் வீட்டுக்காரர் வேலை இல்லையா?

சட்டப்படி அவர் வேலைதான். பெங்களூரில் 2009 முதல் கட்டாயம்: 30-க்கு 40 அடி மனையில் புது வீடு கட்டினாலும், 60-க்கு 40 மனையில் பழைய வீடு இருந்தாலும். ஆனால் அவரிடம் பேசக் கையில் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஆண்டுக்குச் சராசரி 970 மில்லிமீட்டர் மழை. 1,000 சதுர அடி மாடியில் விழுவது சுமார் 90,000 லிட்டர். வீணாவது போக 70,000 லிட்டர் பிடித்தாலும், 6,000 லிட்டர் டேங்கர் லாரி பதினொன்று மிச்சம். 2024 மார்ச்சில் ஊரில் 6,900 அரசு போர்வெல் காய்ந்தபோது டேங்கருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை எந்த வீட்டுக்காரரும் மறந்திருக்க மாட்டார்.

கிணறு வெட்ட வேண்டுமென்றால் மண் ஒட்டர் சமூகத்தாரைத் தேடுங்கள். தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டுகிறவர்கள். மூன்றடி அகலத்தில், இருபது முப்பது அடி ஆழத்தில், சிமெண்ட் உறை இறக்கி இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுவார்கள். ஊருக்குப் பத்து லட்சம் கிணறு என்ற இயக்கம் இவர்கள் கையை நம்பித்தான் நடக்கிறது. கப்பன் பூங்காவில் மூடிக் கிடந்த பழைய கிணறுகளைத் தூர்வாரியவர்களும் இவர்கள்தான்.

ஒரு எச்சரிக்கை: மாடித் தண்ணீரை வடிகட்டாமல் போர்வெல் குழாய்க்குள் விடாதீர்கள். தெருத்தண்ணீரை விடவே கூடாது.

விடுமுறைக்கு நந்தி மலை போகலாமா, அதுவும் தப்பா?

போகலாம், தாராளமாகப் போகலாம். பார்க்காத ஆற்றின் மேல் யாருக்கும் பாசம் வராது. எப்படிப் போகிறோம் என்பதுதான் விஷயம்.

சனி ஞாயிறு விடியற்காலையில் சூரிய உதயம் பார்க்க எல்லோரும் ஒரே நேரத்தில் காரில் ஏறுகிறார்கள். 1,478 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன மலை அது. 2021 ஆகஸ்டில் மழையில் மண் சரிந்து பாதையே அடைபட்டது. முடிந்தால் வாரநாளில், பஸ்ஸில் போங்கள். தின்பண்டப் பொட்டலம் மேலே போனால் கீழே திரும்பி வர வேண்டும். அங்கே விட்ட பிளாஸ்டிக் ஒரே மழையில் ஓடைக்கு இறங்கிவிடும். குரங்குக்கு எதுவும் கொடுக்காதீர்கள்.

நாங்கள் மேலே ஏறுவதைவிட அடிவாரத்தில் அதிக நேரம் இருப்போம். அங்கே 'போக நந்தீசுவரர்' என்ற கோயிலில் படிக்கட்டுகள் சூழ ஒரு கல்யாணி இருக்கிறது, சிருங்கி தீர்த்தம். தென்பெண்ணை அங்கேதான் பிறக்கிறது என்பது ஐதீகம். அந்தப் படியில் உட்கார்ந்து, வர்த்தூரில் பார்த்ததையும் நினைத்துப் பாருங்கள்.

ஆடுதாண்டும் காவிரி?

மேகேதாட்டுவுக்கு நம் ஊர்ப் பெயர். அணை பற்றிய வழக்கு, வாதம் எதுவும் நம் நடையில் பேசுவதில்லை, அதற்கு வேறு இடங்கள் உண்டு. அந்த இடம் காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கிறது. நீர்நாய், முதலை, சாம்பல் மலை அணில் வாழும் இடம். பாட்டுப் பெட்டி வேண்டாம், கரையில் சமையல் வேண்டாம்.

நீரில் இறங்குவது பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். சங்கமத்திலும் சுஞ்சி அருவியிலும், மேலே மஞ்சனபெலே அணையிலும் ஆண்டுதோறும் இளைஞர்கள் மூழ்கிச் சாகிறார்கள். பாறை வழுக்கும், சுழல் வெளியே தெரியாது. சங்கமத்தில் ஆர்காவதி கொண்டுவருவதில் பெங்களூரு மேற்குப் பகுதியின் சாக்கடையும் உண்டு என்பதை முதலிலேயே சொன்னேன். பரிசலில் போகிறீர்கள் என்றால் உயிர்க்காப்பு உடுப்பு கேட்டு வாங்கிப் போடுங்கள், பரிசல்காரர் சொல்லும் எண்ணிக்கைக்கு மேல் ஏறாதீர்கள்.

சுற்றுலாவால் அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன கிடைக்கிறது?

நாம் பெங்களூரிலிருந்தே சாப்பாடு கட்டிக்கொண்டு, காரில் போய், குப்பையை விட்டுத் திரும்பினால் ஒன்றும் இல்லை. அதனால் சில பழக்கங்கள் வைத்திருக்கிறோம். மதியச் சாப்பாடு அந்த ஊர் வீட்டிலோ சின்ன ஓட்டலிலோதான், இரண்டு நாள் முன்னதாகவே சொல்லிவிடுவோம். ராகிக் களியும் சாறும் கிடைத்தால் பிள்ளைகளும் சாப்பிடப் பழகட்டும். வழிகாட்ட ஊர்க்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு கூலி கொடுப்போம். 25 பேருக்கு மேல் போவதில்லை. ஏரியோ ஓடையோ எந்த ஊராட்சிக்கு உட்பட்டதோ, அங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவோம். ஒருமுறை சொல்லாமல் போய், எங்கள் வண்டி ஒருவர் களத்துக்கு வழியை அடைத்துவிட்டது. அவர் திட்டியது சரிதான்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

எட்டு வயதுக்கு மேல் வரலாம். வர்த்தூர் நடைக்கு ஆஸ்துமா உள்ளவர்கள் வேண்டாம், வாடை கடுமையாக இருக்கும்.

என்ன எடுத்து வர வேண்டும்?

தொப்பி, நடக்க வசதியான மூடிய செருப்பு, குடிக்கத் தண்ணீர், ஒரு சாப்பாட்டுத் தட்டு. கெலவரப்பள்ளி பயணத்துக்கு மட்டும் மூடி போட்ட மூன்று கண்ணாடிப் பாட்டில்கள். அல்சூர் ஏரி வழியும் இடத்தில் ஒன்று, வர்த்தூர் கலங்கலில் ஒன்று, அணையின் மதகுக்குக் கீழே ஒன்று நிரப்புவோம். கையுறை நாங்கள் தருகிறோம். மூன்றையும் சித்தப்பாவின் களத்துமேட்டில் வரிசையாக வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவோம். சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பும் வண்டி.